ஆறாம் தட்டில் எத்தனை பேர்

தலைக்குப் பதிலாக ரேடியோ வைத்திருக்கும் ஆளை ஆண் என்று எழுதுவதா, பெண் என்று எழுதுவதா? வேட்டி கட்டியிருக்கிறது, ஆகவே ஆண் என்றே வைத்துக்கொள்ளலாம், ஆனால் ரேடியோவுக்குள்ளிருந்து வருவது பெண் குரல், மரண அறிவித்தல் வாசிக்கிற குரல், நிறுத்தி நிதானமாக, கேட்பவருக்கு வேறு வேலையே இல்லை என்ற மாதிரி. படிவத்தில் ஆண், பெண், ஏனையோர் என்று மூன்று கட்டம். ஏனையோர் என்று போட்டால் விளக்கம் எழுத வேண்டும், விளக்கத்துக்கு விட்டிருக்கும் இடமோ ஒரு முத்திரை ஒட்டக்கூடக் காணாது. ஆண் என்று போட்டேன். போட்டு நிமிர்வதற்குள் அந்த ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவருக்குள் நடந்து போய்விட்டார், அடுத்த காட்சியும் வந்துவிட்டது, அதில் எத்தனை பேர் நின்றார்கள் என்று நான் பார்க்கவில்லை. எனக்கு எப்போதும் இதே கரைச்சல்தான். எழுதக் குனிந்தால் படம் போய்விடுகிறது, படத்தைப் பார்த்தால் எண்ணிக்கை போய்விடுகிறது. பக்கத்துக் கதிரையில் கௌரிபாலன் குனியாமலே எழுதுகிறான், கண் திரையில், கை தாளில், இருபத்தெட்டு வயதில் எல்லாம் தானாக நடக்கும்போல. கொழும்பில் ஒரு திரைப்பட நிதியத்தின் மூன்றாம் மாடி, பன்னிரண்டு கதிரை போட்ட சின்னத் திரையரங்கு, பிற்பகல் இரண்டு மணி, குளிரூட்டிக்கு மட்டும் ஏதோ கோபம். நானும் அவனும்தான் மதிப்பீட்டாளர்கள். படம் நன்றாயிருக்கிறதா என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. எந்தெந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் வருகிறார்கள், அவர்களுக்குப் பெயர் உண்டா, வாய் திறந்து பேசுகிறார்களா, கடைசிவரை உயிரோடு இருக்கிறார்களா, இவற்றை எண்ணிச் சொல்வதுதான் வேலை. நூற்றுக்கு ஐம்பது வந்தால் நிதியம் படத்தைப் பத்து ஊர்களுக்குக் கொண்டுபோய்ச் சனத்துக்குக் காட்டும், வராவிட்டால் காட்டாது. நான் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறேன், எண்ணத் தெரிந்தவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அது பாதி. மற்றப் பாதி, இந்த அலுவலகத்தின் ஏதோ ஒரு படிவத்தில் என்னையே ஒரு கட்டத்துக்குள் சரி போட்டிருப்பார்கள்: பெண், முஸ்லிம், வடக்கு. ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

வடக்கு என்றால் யாழ்ப்பாணம், அதுவும் பதினொரு வயதுவரைதான். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில் ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் போகச் சொன்னது, எங்கள் தெருவுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். இதை நான் வகுப்பில் சொல்வதில்லை, விருந்துகளில் சொல்வதில்லை, யாராவது கேட்டால் ஒரு வசனத்தில் முடித்துவிடுவேன், இப்போது முடித்த மாதிரி. ஆனால் ஒன்பது வருஷமாக இந்த இருட்டு அறைக்குள் வந்து உட்கார்ந்து, யாழ்ப்பாணத்துப் போரைப் பற்றி யார் யாரோ எடுத்த படங்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன், எல்லாவற்றிலும் எங்கள் நிரைக்கு நேரே ஒரே இலக்கம், பூச்சியம். அல்லது பூச்சியமாக இருந்திருக்கலாமே என்று நினைக்க வைக்கிற ஒன்று: இறைச்சிக் கடைக்காரர் ஒருவர், அத்தர் விற்பவர் ஒருவர், காட்டிக் கொடுப்பவர் ஒருவர், பெருநாளைக்குச் சோறு போட்டுவிட்டு அடுத்த காட்சியில் காணாமல் போகிற நல்லவர் ஒருவர். பூச்சியம் என்றாலும் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, மற்ற நிரைகளில் கொஞ்சம் தாராளமாகப் போட்டு ஐம்பத்திரண்டு, ஐம்பத்து நான்கு என்று கரை சேர்த்துவிடுவேன். எதற்கெடுத்தாலும் தன் ஆட்களைப் பற்றியே கதைக்கிறாள் என்று பெயரெடுக்க எனக்கு விருப்பமில்லை. அப்படிக் கரை சேர்த்த படம் ஒன்று இரண்டு வருஷத்துக்கு முன் தொலைக்காட்சியில் வந்தது. உம்மா நாங்கள் அப்போது போய்ச் சேர்ந்த புத்தளத்தில் இருக்கிறார், எழுபத்தெட்டு வயது, யாழ்ப்பாணத்துப் படம், மகள் பார்த்து மார்க்ஸ் போட்ட படம் என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். முடிந்த கையோடு தொலைபேசி எடுத்தார். "மகள், படம் முடிஞ்சுது. எங்கட தெரு எந்த இடத்தில வந்தது? நான் ஒருக்கா எழும்பி அடுப்ப நிப்பாட்டப் போனன், அதுக்குள்ள வந்து போயிட்டுதோ?" "ஓம் உம்மா, அதுக்குள்ளதான் வந்தது" என்றேன். "சீ, அந்த நேரம் பாத்து எழும்பிட்டனே" என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டு உம்மா போனை வைத்தார். அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் பூச்சியம் என்றால் பூச்சியம். மற்ற நிரைகளில் தாராளம் கிடையாது. படம் விழுந்தால் விழட்டும். அந்த முடிவுக்குப் பிறகு வரும் முதல் யாழ்ப்பாணத்துப் படம் இது.

கௌரிபாலன் கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, நல்ல பிள்ளை, அதுதான் பிரச்சினை. மேலே வரமுன் தேத்தண்ணி குடிக்கும்போதே சொல்லிவிட்டான், "அக்கா, இந்த முறையும் உங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையெண்டா நீங்கள் கட்டாயம் எழுதவேணும், நான் உங்களுக்கு சப்போர்ட்." எனக்கு ஏன் சப்போர்ட்? நீ எழுதினால் பேனா உடைந்துவிடுமா? சீனி கூடிப்போன தேத்தண்ணி, பாதியில் வைத்துவிட்டேன். வாசலில் போட்டிருந்த மரவாங்கில் இந்தப் படத்தின் நெறியாளர் உட்கார்ந்திருந்தது, தர்மினி என்று பெயர், முப்பத்து மூன்று வயதிருக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து முதல்நாள் பஸ்ஸில் வந்ததாம், முதல் படமாம், எங்களைக் கண்டதும் எழும்பி நின்று கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் பையையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. முப்பத்து மூன்று என்றால் பிறந்தது தொண்ணூற்றொன்றில், நாங்கள் போன பிறகு. ஒரு முஸ்லிம் வீட்டு வாசலைக்கூடக் கண்டிராத பிள்ளை. இதிடம் எதை எதிர்பார்ப்பது என்று அப்போதே நினைத்தேன். வெளியே அது இப்போதும் அந்த வாங்கில் இருக்கும், உள்ளே நான் அதன் ஆட்களுக்குக் கட்டம் கட்டமாக மதம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

போர்ப் படம்தான், ஆனால் கனவில் நடக்கிற போர். பூரணம் என்று ஒரு அம்மா, அறுபது வயது, ஷெல் சத்தம் கேட்டுத் தன் வளவிலுள்ள பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், இறங்குகிறார், இறங்கினால் உள்ளே இன்னொரு படி, அதன் கீழ் இன்னொரு தட்டு, அதன் கீழ் இன்னொன்று, மொத்தம் ஏழு, ஒவ்வொரு தட்டிலும் ஒரு ஊர் குடியிருக்கிறது. முதல் தட்டில் ரேடியோத் தலையர். இரண்டாம் தட்டில் ஒரு பள்ளிக்கூடம், பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறார்கள், வினாத்தாளில் ஒரே கேள்வி, நேற்று எங்கே ஒளிந்தாய், இருபது புள்ளி. மூன்றாம் தட்டில் முகமில்லாத ஆமிக்காரர்கள் கொடியில் சட்டை காயப்போட்டுக்கொண்டு சிங்களத்தில் தங்கள் தாய்மாருடைய சமையலைப் பற்றிக் கதைக்கிறார்கள், யாருடைய தாய் கிரிபத், அதுதான் பாற்சோறு, நன்றாகச் செய்வாள் என்று சண்டை வேறு. சிங்களவர், ஆண், ஆறு பேர், பேச்சு உண்டு, பெயர் இரண்டு பேருக்கு, முகம் இல்லை, முகத்துக்குக் கட்டம் கிடையாது. நாலாம் தட்டில் ஒரு ஆடு பேசியது. ஆட்டுக்கு இனம் போட வேண்டுமா என்று திரும்பிக் கௌரிபாலனைப் பார்த்தேன், அவன் ஏற்கெனவே போட்டு முடித்துவிட்டான், என்ன போட்டான் என்று தெரியவில்லை. இதற்கிடையில் எனக்கு ஒரு சில்லறை எரிச்சல், இந்தப் பூரணம் படம் முழுக்க ஒரு அலுமினியத் தூக்குச் சட்டியைக் காவிக்கொண்டு திரிகிறார். எங்கே போனாலும் சட்டி. ரேடியோத் தலையரிடம் சட்டியை நீட்டுகிறார், பள்ளிக்கூடத்தில் நீட்டுகிறார், ஆமிக்காரரிடமும் நீட்டுகிறார், அவர்கள் ஏதோ கொஞ்சம் போடுகிறார்கள், அவர் மூடியைத் திறந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த படி இறங்குகிறார். போர் என்றால் பாத்திரம் ஏந்துகிற பெண் ஒருத்தி இல்லாமல் யாருக்கும் படமெடுக்க வராது என்று நினைத்தேன். பாத்திர விபரணம் என்ற இடத்தில் பூரணம், சைவம், பெண், பசி என்று எழுதினேன்.

ஆனால் படம் நன்றாயிருந்தது, அதுதான் என்னைக் கலக்கியது. ஐந்தாம் தட்டில் பெண்கள் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்க்கிறார்கள், சவர்க்காரம் இல்லாத காலம், நுரைக்குப் பதிலாக அவர்களின் கைகளிலிருந்து மஞ்சள் பறவைகள் எழும்பிப் போகின்றன, நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்திருக்கிறேன், எண்ணவேயில்லை. எட்டுப் பேரா, ஒன்பதா? மோசமான படமென்றால் பூச்சியம் போடுவது எவ்வளவு சுலபம். கை அதுபாட்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடும். நல்ல படத்துக்குப் பூச்சியம் போட்டால் அது என்றைக்கும் உறுத்தும். இவ்வளவு அழகாகக் கற்பனை பண்ணத் தெரிந்த பிள்ளை, ஆட்டைப் பேச வைக்கத் தெரிந்த பிள்ளை, தன் ஊரில் ஒரு தெருவே இல்லாமல் போனதை மட்டும் எப்படிக் கற்பனை பண்ணாமல் விட்டது? இன்னும் இரண்டு தட்டுத்தான் இருக்கிறது. கை தானாகக் காதுச் சோணைக்குப் போனது, பயம் வந்தால் போகும். அங்கே ஓட்டை மூடிப் பல வருஷம். வழியில் மறித்து வைத்துச் சோதித்த மைதானத்தில் ஒரு அக்கா என் தோட்டைக் கழற்றினார், இயக்கத்து உடுப்பு, பதினெட்டு வயதுகூட இருக்காது, திருகாணி இறுகிப் போயிருந்தது, "நோகுதா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். நொந்தது. ஏன் இல்லை என்றேன் என்று முப்பத்துச் சொச்சம் வருஷமாக யோசிக்கிறேன், அவரும் ஏன் கேட்டார் என்று யோசிக்கிறேன், கழற்றுகிற ஆள் கழற்ற வேண்டியதுதானே, நோகுதா என்று என்ன கேள்வி. இப்போது ஒரு புதுப் பயம் வந்தது, கற்பனை பண்ணாமல் விட்டது என்று ஏசுகிறேனே, கற்பனை பண்ணியிருந்தால்? ஆறாம் தட்டில் ஒரு மைதானம் வந்து, வெயிலில் சனம் நின்று, ஒரு பிள்ளையின் காதிலிருந்து தோடு மஞ்சள் பறவையாகப் பறந்து போனால்? அழகாக இருக்கும். அந்த அழகை நான் இந்தக் கதிரையில் இருந்து பார்க்க வேண்டும், பக்கத்தில் கௌரிபாலன் என்னைப் பார்க்காத மாதிரிப் பார்ப்பான். வேண்டாம் அல்லாஹ், அதற்குப் பூச்சியமே பரவாயில்லை. அடுத்த நிமிஷமே வேண்டும் என்றும் நினைத்தேன். வேண்டாம், வேண்டும், வேண்டாம் என்று சுற்றிக்கொண்டிருக்கும்போதே பூரணம் ஆறாம் தட்டுக்கு இறங்கிவிட்டார்.

ஒரு தெரு. அவ்வளவுதான். இரண்டு பக்கமும் வீடுகள், கதவெல்லாம் சாத்தியிருக்கிறது, ஆள் இல்லை, ஆடு இல்லை, பறவை இல்லை, இதுவரை படத்தில் பொங்கி வழிந்த வித்தை ஒன்றுமில்லை. எந்தத் தெரு என்று எழுதிக் காட்டவில்லை. பொழுது சாய்கிற வெளிச்சம். பூரணம் ஒரு மதில் பக்கத்தில் நின்று சட்டியின் மூடியைத் திறந்தார், உள்ளே சீனி, ஒவ்வொரு தட்டிலும் வாங்கிச் சேர்த்த சீனி, நான் சோறு என்று நினைத்தது எல்லாம் சீனி, இப்போது சட்டி நிரம்பிவிட்டது. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, தனக்குத்தானே சொல்கிற மாதிரிச் சொன்னார், "எனக்கெண்டு இறைச்சி போடமுன்னம் எடுத்து வைச்சிருப்பா." பேனா நின்றுவிட்டது. இறைச்சி போடமுன்னம். உம்மா அப்படித்தான் செய்வார், நோன்புக் கஞ்சி கொதிக்கும்போது, தேங்காய்ப்பால் விட்டு, வெந்தயமும் உள்ளியும் ரம்பையிலையும் வாசம் பிடித்ததும், இறைச்சி போடுவதற்கு முன்னால் ஒரு சட்டி தனியாக அள்ளி மூடி வைப்பார், பக்கத்து வீட்டுச் சைவ ஆட்களுக்கு. நான்தான் கொண்டுபோய் மதிலுக்கு மேலால் கொடுப்பேன். அந்தச் சட்டி திரும்பி வரும்போது வெறுஞ்சட்டியாக வராது, சீனி வரும், இல்லாவிட்டால் முருங்கையிலை, கப்பல் வாழைப்பழம், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி உப்பாவது போட்டுத்தான் தருவார்கள், வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தால் கொடுத்தவர் வீட்டுக்குக் கூடாது. இந்தப் பெண்ணுக்குப் பசியில்லை. ஆறு தட்டுப் போரையும் கடந்து சட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார். நான், அந்தத் தெருவில் பிறந்தவள், ஒன்றேகால் மணித்தியாலமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பசி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பிறகு அவர் கதவைத் தட்டினார். "சித்தி ஹவ்வா அக்கா." நின்றார். உள்ளே ஆள் கை அலம்பி, தலைக்குப் போட்டுக்கொண்டு, செருப்புத் தேடி வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்றார், படமும் வெட்டாமல் நின்றது. அடுத்த கதவு. "கமால்தீன் மாஸ்டர்." நின்றார். "றெஜினா டீச்சர்." "பல்லு டொக்டர் தம்பி." "தையல் மிசின் காசீம் அண்ணை." கதிரை ஒன்று முனகிய சத்தம், நான்தான் முன்னால் சரிந்திருக்கிறேன் என்பது பிறகு தெரிந்தது. ஒவ்வொரு கதவுக்கும் பெயர், ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் அந்தக் காத்திருப்பு. எங்கள் வீட்டுப் பெயர் வந்துவிடுமோ, வாப்பாவின் பெயரைக் கூப்பிட்டால் நான் இந்த இருட்டுக்குள் எழும்பி "வாறன்" என்று சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது. வரவில்லை. ஒன்பதாவது கதவு இறைச்சிக் கடை சமது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருக்கட்டும், எங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கத்தானே செய்தார், பதினொரு கதவில் ஒரு கதவு என்றால் கணக்குச் சரிதான். பதினோராவது கதவுக்குப் பிறகு பூரணம் படியில் உட்கார்ந்து சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "இண்டைக்கு எத்தினையாம் நோன்பு?" என்று வெறுந் தெருவைக் கேட்டார். அப்போது கண்ணீர் வந்தது, வரட்டும் என்று விட்டேன். மைதானம் வரவில்லை. தோடு வரவில்லை. அந்தப் பிள்ளை எங்களை ஒரு தரம்கூடப் பிடித்து வைத்து அழ வைக்கவில்லை, கதவைத் தட்டிவிட்டு நின்றது, அவ்வளவுதான். மூச்சு உள்ளே போய், நெடுநாள் போகாத ஏதோ ஒரு மூலைவரை போய்த் திரும்பி வந்தது. ஏழாம் தட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, வெளிச்சம் போனது, வந்தது, பெயர்கள் ஓடின.

விளக்கைப் போட்டதும் கௌரிபாலன் என் பக்கம் திரும்பினான், முகம் இறுகியிருந்தது. "அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நல்ல படம்தான். ஆனா நான் நேர்மையாப் போட்டிட்டன். முஸ்லிம் பாத்திரம் பூச்சியம். மொத்தம் நாப்பத்தாறு. உங்கட ஆக்களுக்காகத்தான்." எனக்காகப் படத்தை விழுத்திவிட்டு, பாராட்டுக்குக் காத்திருக்கிறான். ஒன்பது வருஷம் நான் செய்யாததை இந்தப் பிள்ளை இன்று செய்திருக்கிறது, செய்த நாளைப் பார். சிரிக்கவா, ஏசவா? "தம்பி, அந்த அம்மா ஏன் சட்டியோட திரியுறா?" என்று கேட்டேன். "பசி. பட்டினியின்ர குறியீடு." "நானும் அப்பிடித்தான் எழுதினனான்" என்று என் தாளைக் காட்டினேன், "ரெண்டு பேரும் பிழை." சொன்னேன். கஞ்சி, இறைச்சிக்கு முந்திய சட்டி, சீனி, வெறுஞ்சட்டி திருப்பிக் கொடுக்காத வழக்கம், பதினொரு கதவு. அவன் தன் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தான். பிறகு படிவத்தைத் தொட்டு, "ஆனா அக்கா, திரையில ஒராள்கூட வரேல்லயே. இதில திரையில் தோன்றும் பாத்திரம் எண்டுதானே கிடக்கு" என்றான், பிடிவாதத்துக்காக இல்லை, வழி தேடி. "கதவு தோன்றினதுதானே" என்றேன். "பெயர் உண்டா எண்டு ஒரு கட்டம் இருக்கு, உண்டு. பேசுகினமா, இல்லை. கடைசிவரைக்கும் உயிரோட இருக்கினமா?" அந்தக் கட்டத்தில் இரண்டு பேரும் நின்றோம். ஆம், இல்லை, இரண்டுதான் இருக்கிறது. "தெரியாது எண்டு எழுதுவம்" என்றான் கௌரிபாலன். "அவவுக்கும் தெரியாமத்தானே தட்டினவ." அவன் பூச்சியத்தை ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் பதினொன்று என்று எழுதி, மொத்தத்தையும் ஐம்பதுக்கு மேலே திருத்தி, சின்னக் கையெழுத்தும் வைத்தான்.

வழக்கப்படி கடைசியில் நெறியாளரை உள்ளே கூப்பிட்டுப் பத்து நிமிஷம் கேள்வி கேட்க வேண்டும். தர்மினி வந்து கதிரை நுனியில் உட்கார்ந்தது. எனக்குக் கேட்க ஒரு கேள்விதான் இருந்தது, அதுவும் கணக்குக்காரியின் கேள்வி. "நோன்பு அந்த வருஷம் சித்திரையோட முடிஞ்சுது, சனத்தை அனுப்பினது ஒக்டோபர்ல. ஆறு மாசமா ஒரு சட்டியத் திருப்பிக் குடுக்காமலா இருந்தவ?" பிள்ளை திடுக்கிட்டு என்னைப் பார்த்தது. "மிஸ்ஸுக்கு அது கஞ்சிச் சட்டியெண்டு விளங்கினதோ?" என்றது முதலில். பிறகு சொன்னது. "உண்மையில அது கஞ்சி இல்ல மிஸ், ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சாப்பாடு வந்த சட்டி. படத்துக்காக நோன்பு எண்டு மாத்தினனான். அதுக்குள்ள சண்டை துவங்கீட்டுது, சாமான் ஒண்டும் வரேல்ல, வீட்டில சீனி இல்ல. வெறுஞ்சட்டி குடுக்கக்கூடாதெண்டு அம்மா வைச்சிருந்தவ. சீனி கிடைக்கட்டும், கிடைக்கட்டும் எண்டு ஒக்டோபர் வந்திட்டுது. அண்டைக்குச் சட்டியத் தூக்கிக்கொண்டு ஓடிப் போனவவாம், தெருவில ஒருத்தரும் இல்லையாம்." பையின் பட்டியை விரலில் சுற்றியது. "சீனியப் பாக்காமக் குடுத்திருந்தாலும் ஒருக்காப் போய் முகத்தப் பாத்திருப்பன் எண்டு இப்பவும் சொல்லுவா. படத்தில வாறது அந்தச் சட்டிதான். ஷூட்டிங்குக்குத் தரமாட்டன் எண்டு நிண்டவ, கூடவே வந்து நிண்டு பாத்தவ." நான் எழும்பிப்போய் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தேன், மதிப்பீட்டாளர் அப்படிச் செய்யக் கூடாது என்று விதியில் இருக்கிறதா தெரியாது, இருந்தால் இருக்கட்டும். "உங்கட படம் பத்து ஊருக்கும் போகும்" என்றேன். "புத்தளத்துக்கும் போகும்." பிள்ளை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டது.

அது போன பிறகு மிச்சத்தை எழுதினேன். மொத்தம் ஐம்பத்தொன்பது, எந்த நிரையிலும் தாராளம் இல்லை, அப்பழுக்கில்லாத ஐம்பத்தொன்பது. புத்தளத்தில் காட்டும்போது உம்மாவைக் கூட்டிப்போய் முன்வரிசையில் இருத்த வேண்டும், அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், பதினொரு பெயரில் பாதியையாவது தனக்குத் தெரிந்தவர் என்று அவர் சத்தமாகச் சொல்லப் போகிறார், பின்னாலிருப்பவர்கள் உஷ் என்பார்கள், உஷ் என்றால் நான் அவர்களோடு சண்டைக்குப் போவேன். குளிரூட்டியை யாரோ நிறுத்திவிட்டார்கள். கால் விரல்களில் சூடு திரும்பியது, பசித்தது, மத்தியானம் ஒன்றும் சாப்பிடாதது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்தைப் புரட்டினால் கடைசிப் பக்கம், அதில் பதினான்காம் கேள்வி: இப்படத்தில் இடம்பெறும் சமூகங்களில் ஏதேனும் ஒன்றை மதிப்பீட்டாளர் சேர்ந்தவரா? கௌரிபாலன் இதற்கு எல்லாப் படத்துக்கும் யோசியாமல் ஆம் என்று எழுதுவான், இப்போதும் எழுதிவிட்டுத் தாளை மடித்துக்கொண்டிருக்கிறான். நான் யாழ்ப்பாணத்துப் போர்ப் படங்களுக்கு ஒன்பது வருஷமாக இல்லை என்று எழுதி வருகிறேன். பூச்சியம் என்று எண்ணிவிட்டு ஆம் என்று எழுத முடியாது, வந்து போன அத்தர்காரர்களின் சமூகத்தை என் சமூகம் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "அக்கா, முடிஞ்சுதா? கீழ கன்ரீனில பெற்றிஸ் சுடச்சுட இருக்காம்" என்றான் அவன். "ஒரு நிமிஷம் தம்பி" என்றேன். ஆம் என்று எழுதினேன். எழுதிவிட்டு, மை காயும்வரை தாளை மூடாமல் வைத்திருந்தேன்.